நாலாம் ஆற்றின் கரையில் அப்பா

9-1-1991, புதன்

மாரல் சயின்ஸ் மிஸ் வரவில்லை. எங்கள் பதினோரு பேரையும் பைபிள் சொல்லித்தரும் ஸ்கிரிப்ச்சர் வகுப்பில் கடைசி பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். ஆம்ப்ரோஸ் சார் எங்களைப் பார்த்து, "இந்துப் பிள்ளைங்க தூங்கலாம், கொறட்டை மட்டும் வேணாம்" என்றார்.

நான் தூங்கவில்லை. சுவரில் அவர் கையால் வரைந்த ஒரு மேப் தொங்கியது. உலகத்தைப் படைத்த பிறகு கடவுள் கிழக்கே ஏதேன் என்ற இடத்தில் ஒரு தோட்டம் வைத்தாராம். அங்கே ஒரே ஒரு ஆறு. தோட்டத்தை நனைத்துவிட்டு வெளியே வந்ததும் அது நாலாகப் பிரிகிறது. பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து. சார் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசிப் பெயரில் குச்சி நின்றது.

"இதுதான் இப்ப யூப்ரடீஸ். ஈராக்ல ஓடுது."

அது அப்பா குளிக்கிற ஆறு.

அப்பா அங்கே சமாவா என்ற ஊரில், குடிதண்ணீர் பம்ப் ஹவுஸில் ஃபிட்டர். போய் இரண்டு வருடம் ஆகிறது. முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: "நம்ம அல்சூர் ஏரி எழுந்து நடந்தால் எப்படி இருக்கும் கண்ணு, இந்த ஆறு அப்படி இருக்கிறது." நான் ஆறே பார்த்ததில்லை. பெங்களூரில் ஆறு கிடையாது. அதனால் எனக்குள் எப்போதும் அல்சூர் ஏரிதான் எழுந்து நடக்கும்.

அம்மா தூங்கிவிட்டாள். அடுப்படி சீரோ வாட் பல்பின் கீழே, ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பகலில் பயத்தை எழுத முடியாது. யாராவது பார்த்துவிடுவார்கள்.

செப்டம்பருக்குப் பிறகு அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை.

10-1-1991

இனிமேல் ஸ்கிரிப்ச்சர் வகுப்புக்கே போகிறேன் என்று ஸ்கூலில் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். "நாம என்னா கிறிஸ்டியனா?" என்றாள் அம்மா. "மேப் நல்லா இருக்கும்மா" என்றேன்.

17-1-1991, வியாழன்

போர் தொடங்கிவிட்டது.

காலையில் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா ஈரத் தலையில் துண்டோடு, ஒரு கையில் டிரான்சிஸ்டர், இன்னொரு கையில் பாப்பா என்று ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர் அசோகனும் அதே பம்ப் ஹவுஸில்தான் இருக்கிறார். அப்பாதான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். பாப்பாவுக்கு இரண்டு மாதம். அசோகண்ணன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

ரேடியோ ஏதேதோ ஊர்ப் பெயர்களைச் சொன்னது. சமாவா சொல்லவில்லை.

"சொல்லலன்னா ஒண்ணும் ஆகலன்னுதானே அர்த்தம்?" என்றாள் சரசு அக்கா.

அம்மா, "ஆமாண்டி, ஆமா" என்றபடி பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பை அணைக்கவில்லை.

23-1-1991

கனவு. அப்பா சட்டையில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஆறு நாலாகப் பிரிகிறது. "வீணா, இதுல எது நம்ம ஆஸ்டின் டவுனுக்குப் போவுது?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குச் சத்தமே இல்லை. கரை மண்ணில் கோதுமைத் தவிடு மாதிரிப் பொன்துகள் கிடக்கிறது. அள்ளினால் விரல் வழியே நழுவுகிறது. பயமில்லாத கனவு. விழித்த பிறகுதான் பயம்.

ஜியாக்ரஃபி மிஸ்ஸிடம் கேட்டேன். ஆறுகள் போகப் போக ஒன்று சேரும், இப்படிப் பிரியாது என்றார். அப்படியானால் ஏதேன் ஆறு மட்டும் ஏன் பிரிகிறது? ஒரே வீட்டில் இருந்தவர்கள் வேலைக்காக ஆளுக்கொரு திசையில் போகிற மாதிரி.

2-2-1991, சனி

நான் என்ன செய்துவிட்டேன்?

பம்பாயிலிருந்து ஒரு கவர் வந்தது. அனந்தபத்மநாபன் என்று ஒருவர், அப்பா வேலை செய்யும் இடத்தில் ஸ்டோர் கீப்பர். தமிழில் எழுதியிருந்தார். அம்மாவுக்கு எந்தப் பாஷையும் படிக்க வராது. சரசு அக்கா ஆனேக்கல்லில் கன்னட மீடியத்தில் ஏழாவது வரை படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஒரு எழுத்து தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் தமிழ் படிப்பவள் நான்தான். அப்பா போன நாளிலிருந்து எல்லாக் கடிதத்தையும் நான்தான் சத்தமாகப் படிக்கிறேன்.

முதல் இரண்டு வரியை இருந்தபடியே படித்தேன். மூன்றாவது வரியைக் கண் முதலில் பார்த்துவிட்டது. அம்மா புடவை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா போருக்கு முன்பே கேம்பை விட்டுக் கிளம்பிவிட்டார், ஆற்றின் கரையோடு மேலே மேலே போகிறார், அந்தப் பக்கம் சண்டையே இல்லை, ஹீத் என்ற ஊர், பிறகு சிரியா, பிறகு ஆறு பிறக்கிற துருக்கி மலை, அங்கிருந்து கப்பல், வழியில் தபால் கிடையாது, இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஊர்ப் பெயர்கள் எல்லாம் அட்லஸில் இருப்பவை. தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம்.

"அவரு?" என்றாள் சரசு அக்கா. "அவரும் கூடத்தானே?"

"ஆமாக்கா."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் யோசித்துத்தான் சொன்னேன்.

3-2-1991

கடிதத்தில் இருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்தில் உண்மை இருக்கட்டும்.

ஜனவரி 12 அன்று கேம்பில் இருந்தவர்கள் இரண்டு பஸ்களில் ஜோர்டானுக்குக் கிளம்பினார்கள். அப்பாவும் அசோகண்ணனும் ஏறவில்லை. பம்ப் நின்றால் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, மாற்று ஆள் வரும்வரை இருங்கள் என்று அந்த ஊர் இன்ஜினியர் கெஞ்சினாராம். அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்று அப்பா சொன்னாராம். அடுத்த பஸ் வரவில்லை. போர்தான் வந்தது. "அதன் பிறகு அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. சகோதரி மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும்."

திடப்படுத்திக்கொள்வது என்றால் என்ன செய்வது?

கடிதத்தை அட்லஸின் பிரவுன் அட்டைக்குள் சொருகிவிட்டேன். அம்மா கேட்டதற்கு, ஸ்கூலில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். இன்னொரு பொய்.

6-2-1991, புதன்

அம்மா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு துருக்கி வழியா வர்றாரு." இரவு நன்றாகச் சாப்பிடுகிறாள். சரசு அக்கா இன்று வாசலில் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பாட்டு மாதிரிச் சொல்கிறாள்: "அப்பா எல்லி? அப்பா எங்க? ஆத்தங்கரையில. என்னா துண்றாரு? பேரீச்சம்பழம்." அவளே சிரித்துக்கொள்கிறாள். இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

13-2-1991, புதன்

ஆம்ப்ரோஸ் சார் இன்று சொன்னார்: "நாலு ஆத்துல ரெண்டுதான் இருக்கு. இதெக்கேல் டைகிரிஸ், ஐபிராத்து யூப்ரடீஸ். பைசோனும் கீகோனும் எங்கன்னு எவனுக்கும் தெரியாது. எத்தனையோ பேரு தேடிப் பாத்துட்டாங்க."

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "பிரளயத்துல அடிச்சிக்கிட்டு போயிருக்கும் சார்" என்றாள்.

"ஆறே ஆத்துல அடிச்சிக்கிட்டு போயிடுமா? உக்காரு."

வகுப்பே சிரித்தது. நான் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை எழுதியவருக்கு நாலும் தெரிந்திருக்குமா? இல்லை, எல்லாருக்கும் தெரிந்த இரண்டைப் பக்கத்தில் வைத்தால் தெரியாத இரண்டையும் நம்புவார்கள் என்று எழுதினாரா? நான் ஹீத்தையும் சிரியாவையும் வைத்த மாதிரி?

சாரிடம் இதைக் கேட்க முடியாது. கேட்டால் நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தோட்டத்திலிருந்து மனிதர்களை அனுப்பிவிட்டு, வாசலில் சுழலும் நெருப்பு வாளோடு காவல் வைத்தார்களாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். ஆற்றுக்கு யாரும் காவல் வைத்ததாகச் சார் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்பா கையை நனைக்கிற தண்ணீர் அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம். அப்படியென்றால் கரையோடு எதிர்த்து நடந்தால் —

நடக்கலாம் இல்லையா?

17-2-1991, ஞாயிறு

சரசு அக்காவின் அப்பா முனிராஜ் ஆனேக்கல்லிலிருந்து வந்தார், மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போக.

"ஒண்டியா இங்க சும்னே எதுக்கு குந்தினு கீறே? நட, ஊருக்குப் போலாம்."

"ரெண்டே மாசம்பா. துருக்கி வழியா வர்றாரு."

"துருக்கின்னா எங்க? அத்திப்பள்ளி தாண்டியா?"

"போப்பா நீ! வீணாவ கேளு, மேப்லயே காட்டுவா."

என்னைக் கூப்பிட்டார்கள். அட்லஸை விரித்தேன். அட்டைக்குள் கடிதம் முனகுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் விரலை வைத்து சமாவாவிலிருந்து நீலக் கோட்டின் மேலேயே நகர்த்தினேன். ஹீத். சிரியா. மலை. விரல் வியர்த்துக் கோட்டின் மேல் ஈரம் பட்டது.

முனிராஜ் தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். "நீளமா கீது" என்றார். பிறகு பாப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறிவிட்டார்.

நான் சொன்னதற்காக ஒருத்தி இங்கேயே இருக்கிறாள்.

1-3-1991, வெள்ளி

போர் முடிந்துவிட்டதாம். அம்மா கேசரி கிண்டினாள். எனக்கு இறங்கவில்லை. போர் முடிந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் தெரிந்துவிடும்.

வராவிட்டாலும் தெரிந்துவிடும்.

8-3-1991, வெள்ளி

ஸ்கூல் வராந்தாவில் இங்கிலீஷ் பேப்பர் தொங்கும். அதில் ஒரு ஓரத்தில் சின்னதாக இருந்தது: ஈராக், குவைத்தில் தகவல் இல்லாமல் போனவர்களின் குடும்பத்தார் பெயரும் போட்டோவும் கடைசியாக இருந்த இடமும் எழுதிக் கொடுக்க வேண்டும், பட்டியல் அங்குள்ள முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகும், கடைசி நாள் மார்ச் 15.

நாலு தடவை படித்தேன். எங்கள் இரண்டு வீட்டில் யாருக்கும் ஆள் தொலையவில்லை. துருக்கி வழியாக அல்லவா வருகிறார்கள்?

நான் சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலில் அப்பா பெயர் இருக்காது.

10-3-1991, ஞாயிறு

மூன்று நாளாகத் தூக்கம் சரியாக இல்லை. வந்தாலும் ஆறுதான். நான்கு ஆறுகளும் எங்கள் தெரு வழியாகப் போகின்றன, வெள்ளிப் பாத்திரத்தில் ஊற்றிய மாதிரித் தெளிவான தண்ணீர். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. யாரும் இல்லை. நான் கூப்பிட நினைக்கிறேன். யார் பெயரும் ஞாபகம் வரவில்லை.

விழித்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் கதையில் ஆறுகளுக்குப் பெயர் மட்டும் போட்டு விடவில்லை. முதல் ஆறு எந்தத் தேசத்தைச் சுற்றுகிறது, அங்கே பொன் விளைகிறது, என்ன கல் கிடைக்கிறது, மூன்றாவது எந்த ஊருக்குக் கிழக்கே — எல்லாம் இருக்கிறது. பக்கத்து அடையாளம் சொல்லி விலாசம் எழுதுகிற மாதிரி. இனி யாருமே போக முடியாத இடத்துக்கு எதற்கு விலாசம்? தொலைத்தவர்கள் தேட வேண்டும் என்றுதானே? அதை எழுதியவர் நான் நினைத்த மாதிரிப் பொய்யர் இல்லை. அவருக்குத் தெரிந்ததை, தெரிந்த மட்டும், அடையாளத்தோடு எழுதி வைத்தார்.

நான் வரைந்த ஆறு அப்படியல்ல. யாரும் தேடாமல் இருப்பதற்காக வரைந்தது.

அப்பா, நான் நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

11-3-1991

சொல்லவில்லை. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு நல்ல மனநிலையில் இருந்தாள்.

12-3-1991, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சரசு அக்காவும் இருக்கும்போதே சொன்னேன். இரண்டு தடவை தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அட்டையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்து வைத்தேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப மலை?" என்று கேட்டாள். "மலை இல்லையா?"

"இல்லம்மா. நான்தான்."

சரசு அக்கா அறைந்தாள். காதுக்குள் ரேடியோ சத்தம் மாதிரி ஓடியது. "பாப்பாகிட்ட சொன்னேனேடி! தினம் சொன்னேனே!" என்று கத்திவிட்டு, அந்தக் கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

பேப்பரில் வந்ததைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிவீட்டு ரங்கநாதன் சாரிடம் போனாள். சேலத்திலிருந்து போன மாதம் குடிவந்தவர். அம்மா அவரிடம் பேசியதே இல்லை. படிக்கட்டின் கீழே நின்று கேட்டேன். "சார், இதுல என்னா எழுதி கீதோ அத்த மட்டும் படிங்க" என்றாள்.

14-3-1991, வியாழன்

பெயர் எழுதிக் கொடுக்கிற ஆபீஸில் பெரிய வரிசை. ஃபாரத்தை இங்கிலீஷில் நான்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அம்மா ஒவ்வொரு வரிக்கும் கவுன்டர் ஆளிடம் காட்டி, "இது சரியா கீதா சார்?" என்று கேட்டாள். அவர் எரிச்சலாகி, "உங்க பொண்ணுதானம்மா எழுதுறா?" என்றார்.

"அதுக்குத்தான் கேக்கறேன்."

கடைசியாக இருந்த இடம் என்ற கட்டத்தில் எழுதினேன்: பம்ப் ஹவுஸ், சமாவா, யூப்ரடீஸ் ஆற்றின் கரை. அசோகண்ணன் ஃபாரத்திலும் அதையே எழுதினேன். சரசு அக்கா கையெழுத்தைக் கன்னடத்தில் போட்டாள். என்னிடம் பேசவில்லை.

29-3-1991

பரீட்சை முடிந்தது. அம்மா என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். சாப்பிடு. குளி. கதவைச் சாத்து. கரன்ட் பில்லைக்கூட ரங்கநாதன் சாரிடம் காட்டுகிறாள்.

7-4-1991

கனவில்லாத தூக்கம். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

16-4-1991

சரசு அக்கா வாசலில் எண்ணெய் தேய்க்கிறாள். பாட்டு இல்லை.

27-4-1991, சனி

மதியம் கவர் வந்தது. வெளிநாட்டு ஸ்டாம்ப். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கோணல் கோணலாக, எல்லாச் சுழியும் பெரிதாக. அப்பாவேதான்.

கவரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து மாடிப்படி வரை போனாள். முதல் படியில் காலை வைத்தவள் திரும்பினாள். "வா" என்றாள். சரசு அக்கா வீட்டுக்குப் போனோம்.

"ரெண்டு வூட்டுக்கும் சேர்த்து வந்த கடுதாசி" என்று சொல்லி, கவரைக் கிழித்து, என் கையில் கொடுத்தாள். "படி."

ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் படிக்கக் கொடுக்கிறாள்.

அப்பா ஜோர்டானில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கால் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. யாரோ ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பெயர் கேட்டு வந்தார்களாம், ஞானசேகரன் என்று கூப்பிட்டதும் கையைத் தூக்கினாராம், அவர்கள்தான் பேப்பரும் பேனாவும் கொடுத்தார்களாம். படித்துக்கொண்டே போனேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பக்கத்தைத் திருப்பினேன். கண் வாயை முந்தி ஓடி அந்த வரியில் போய் நின்றுவிட்டது. எனக்கு அந்த இடம் தெரியும். வாய்க்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அங்கே எத்தனை ஊர் வேண்டுமானாலும் வைக்கலாம். சரசு அக்கா பாப்பாவின் காதைத் தடவியபடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

படித்தேன். "பிப்ரவரி ஆறாம் தேதி அசோகன் டீசல் கேட்டு அக்கரைக்குப் போனான். அன்றைக்குத்தான் பாலத்தில் குண்டு விழுந்தது. மூன்றாம் நாள் கிடைத்தான். நானே குளிப்பாட்டி நானே மண் போட்டேன். சரசு முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை."

பிப்ரவரி ஆறு. இந்த நோட்டில் அந்தத் தேதியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்: சரசு அக்காவின் பேரீச்சம்பழப் பாட்டு.

சரசு அக்கா அழவில்லை. "இன்னொரு வாட்டி படி" என்றாள்.

படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

அம்மா அவள் மடியிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். நான் அதே இடத்திலிருந்து, அதே வார்த்தைகளை, ஒரு எழுத்தும் மாற்றாமல் படித்தேன். மூன்று தடவையும் ஒரே மாதிரி இருந்த பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.